ஏற்காடு ஏறும் கைக்கு .32 பிஸ்டல்: எந்தத் தோட்டா போடுவது?

கேள்வி இதுதான். ஏற்காட்டில் காப்பித் தோட்டம். சனிக்கிழமை தோறும் சேலத்து வங்கியில் கூலிப் பணம் எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டும். கையில் உரிமம் பெற்ற .32 பிஸ்டல். டீலர் கொடுத்தது உள்நாட்டுத் தோட்டா, உருண்டை முனை, முழுக்க உலோக உறை போட்ட குண்டு. "ஹாலோ பாயின்ட் இல்லாமல் இந்தச் சின்னத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்" என்கிறார் உறவினர் ஒருவர். யார் சொல்வது சரி?

டீலர் கொடுத்ததே சரி. .32-க்கு உறை போட்ட உருண்டை முனைக் குண்டுதான் பொருத்தம். விலை குறைவு என்பதற்காகவோ, வேறு கிடைக்காது என்பதற்காகவோ இதைச் சொல்லவில்லை. வெளிநாட்டு ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழி உள்ள குழிமுனைத் தோட்டா, யாராவது சும்மா கொடுத்தாலும் இதையே சொல்லலாம். ஆனால் குண்டின் முனையைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள், அந்தத் தோட்டா எத்தனை வருடம் பழையது, எந்த டப்பாவில் கிடந்தது, எத்தனை முறை சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஏறி இறங்கியது என்று கேட்பதே இல்லை. ஆபத்து நேரத்தில் துப்பாக்கி கைவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ".32" என்றால் இரண்டு தோட்டாக்கள். பிஸ்டலுக்குரியது .32 ஏசிபி, மருந்து அடைத்த பித்தளைக் கூட்டின் நீளம் 17 மி.மீ. ரிவால்வருக்குரியது .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங். கூடு 23 மி.மீ. சொச்சம். இரண்டையும் 7.65 என்று குறிப்பிடும் வழக்கம் இருப்பதால், பெட்டியின் மேல் 7.65 என்று பார்த்தவுடன் வாங்கிவிடக் கூடாது. ரிவால்வர் தோட்டா பிஸ்டலின் மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், நுழையாது, அதனால் அங்கே விபத்து இல்லை. மறுபுறம்தான் சிக்கல். பிஸ்டல் தோட்டா பல ரிவால்வர்களின் அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும், சுட்டால் வெடிக்கவும் செய்யும். அமெரிக்கத் தர அளவின்படி ஏசிபியின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 20,500 பவுண்டு. ரிவால்வர் தோட்டாவுக்கு 15,000. தாத்தா காலத்து ரிவால்வரும் புதிய பிஸ்டலும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகளில் இரண்டின் தோட்டாவையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

இனி குண்டுக்கு வருவோம். .32 ஏசிபி, ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1899-இல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் கொண்டுவந்த தோட்டா. குண்டு 71 கிரெய்ன், அதாவது 4.6 கிராம். குழலை விட்டு வெளியே வரும்போது வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 275 முதல் 290 மீட்டர். ஆற்றல் 175 முதல் 195 ஜூல். போலீஸும் ராணுவமும் வைத்திருக்கும் 9 மி.மீ. இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அது நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

இருக்கும் ஆற்றல் இவ்வளவுதான் என்றால் அதை எதில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. குழிமுனைக் குண்டு உடலுக்குள் போனதும் காளான் போல விரியும். விரிவதற்கும் ஆற்றல் வேண்டும்; விரிந்த பின் எதிர்ப்பு கூடுவதால் சீக்கிரம் நின்றுவிடும். 9 மி.மீ.க்கு இது கட்டுபடியாகும். .32-க்கு ஆகாது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒரு சோதனை முறையை வகுத்தது. 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மிகாமலும் இறங்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். கையில் பட்டு, அதைக் கடந்து மார்புக்குள் போக வேண்டிய நிலை வரலாம் என்பதால்தான் இந்த 12 அங்குலக் கணக்கு. சின்னக் குழலிலிருந்து வரும் .32 குழிமுனைக் குண்டு ஒழுங்காக விரிந்தால் அந்த 12-ஐ எட்டாமல் நின்றுவிடுவது வழக்கம். தடித்த துணியில் பட்டுக் குழி அடைத்துக்கொண்டால் விரியாமல், சாதாரண உறைக்குண்டு போலவே உள்ளே போகும். மார்கழியில் ஏற்காட்டில் யார் மேல்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்? ஸ்வெட்டர், அதன் மேல் ஜெர்கின். ஆக, காசைக் கூடக் கொடுத்து வாங்கிய குண்டு, ஒன்று ஆழம் போகாது, அல்லது மலிவான குண்டு செய்யும் வேலையைச் செய்யும்.

(விரியும் குண்டுக்கு 'டம்டம்' என்று பெயர் வந்ததே கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச் சாலையால்தான். போரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஹேக் மாநாடு அறிவித்ததும் இந்த .32 பிறந்த அதே 1899-இல்.)

ஆழத்தை விடப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் .32 வைத்திருக்கும் பலருக்கு இது தெரியாது.

.32 ஏசிபி கூட்டின் அடியில் இருக்கும் வட்ட விளிம்பு, அதாவது ரிம், கூட்டின் உடலை விடச் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் அளவுதான். 9 மி.மீ. போன்ற தோட்டாக்களில் இந்த நீட்டல் இல்லை. மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும்போது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு முன்னால் தள்ளும்போது மேல் தோட்டா தடையில்லாமல் வழுக்கிப் போகும். மேலே உள்ளது பின்னால் நழுவி, அதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் விழுந்துவிட்டால் கொக்கி மாட்டியதுபோல இரண்டும் பூட்டிக்கொள்ளும். இதைத்தான் ரிம் லாக் என்பார்கள்.

இது எப்போது நடக்கும்? உறைக்குண்டுத் தோட்டா முழு நீளம் 25 மி.மீ. வரை இருக்கும், மேகசினின் முன்சுவரைக் கிட்டத்தட்டத் தொடும். முன்னும் பின்னும் நகர இடமில்லை. குழிமுனைத் தோட்டாவின் முனை மழுங்கி, 60 கிரெய்ன் சின்னக் குண்டோடு வருவதால் மொத்த நீளம் ஓரிரு மில்லிமீட்டர் குறையும். விளிம்பின் கனமே ஏறக்குறைய 1.1 மி.மீ.தான். அதனால் அந்த இடைவெளி போதும். ஒரு தோட்டா சுட்ட அதிர்வில், அல்லது இருபது கொண்டை ஊசி வளைவு குலுங்கி ஏறியதிலேயே, அடுக்கு நழுவிவிடலாம். ரிம் லாக் ஆனால் ஸ்லைடை இழுத்துவிட்டுப் பயனில்லை. மேகசினைக் கழற்றி, சாவி போன்ற ஒன்றால் தோட்டாக்களைக் கீழே அழுத்திப் பிரித்தெடுக்க வேண்டும். எதிரில் ஆள் நிற்கும்போது அதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது? அமெரிக்காவில் இதற்காகவே மேகசினுக்குள் வைக்கும் கம்பிச் சட்டம் விற்கிறார்கள். நமக்கு நீளமான உருண்டை முனைத் தோட்டா போட்டாலே பிரச்சினை தீர்ந்தது.

உங்கள் தோட்டாவின் நீளத்தை வெர்னியர் அளவி வைத்து அளந்து பாருங்கள். 24.5-இலிருந்து 25-க்குள் இருந்தால் நல்லது. அதே பெட்டியில் ஒன்றிரண்டு மட்டும் அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் அவற்றைத் தனியே வையுங்கள். குண்டு கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

இந்தக் குண்டு இறங்கும் விஷயம் தினமும் துப்பாக்கி எடுத்துப் போகிறவர்களுக்கு முக்கியம். காலையில் சேம்பரில் ஒன்றை ஏற்றுவது, இரவில் இறக்குவது, மறுநாள் அதையே மறுபடி மேகசினின் மேலே வைத்து ஏற்றுவது. ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு, சேம்பர் வாயிலில் உள்ள சரிவான ஃபீட் ராம்ப்பில் மோதி, கூட்டுக்குள் சிறிது சிறிதாக இறங்கும். .32-இன் கூடு சின்னது. உள்ளே இடம் கொஞ்சம் குறைந்தாலும் அழுத்தம் சட்டென்று ஏறும். தலைமுறை தாண்டிய பழைய பிஸ்டலில் இது விளையாட்டல்ல. சேம்பரில் ஏறி இறங்கிய தோட்டாவின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மூன்று கோடு ஆனால் எடுத்துச் செல்லும் வரிசையிலிருந்து நீக்கி, நீளத்தை அளந்து, இறங்காமல் இருந்தால் மட்டும் ரேஞ்சில் சுடுங்கள். சேம்பரைக் காலியாக வைத்து மேகசினை மட்டும் நிரப்பிச் செல்வது இந்தத் தொல்லையே இல்லாத வழி. இந்தப் பழைய ரகப் பிஸ்டல்கள் பலவற்றின் சேஃப்டியை நம்புவதை விட அது மேல்.

உள்நாட்டுத் தோட்டா என்றால் பெரும்பாலும் கூட்டின் அடியில் 'கேஎஃப்' என்ற எழுத்து இருக்கும். புனேயை அடுத்த கட்கி ஆயுதத் தொழிற்சாலையின் குறி அது. 2021 அக்டோபர் முதல் அந்தத் தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. வாங்கும்போது பெட்டியின் லாட் எண்ணையும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) ஆண்டையும் பாருங்கள். டீலரிடம் இரண்டு லாட் இருந்தால் புதியதைக் கேளுங்கள். ஒரே லாட்டில் முழுப் பெட்டி வாங்குங்கள். உதிரியாக நான்கைந்து பெட்டியிலிருந்து பொறுக்கிக் கொடுத்தால் வேண்டாம். லாட் கலந்தால் சோதித்துப் பார்ப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

வெளிநாட்டுத் தோட்டா கிடைத்தால்? ஐரோப்பியத் தயாரிப்பான செல்லியர் அண்ட் பெல்லோ, ஃபியோக்கி ஆகியவற்றின் 73 கிரெய்ன் உறைக்குண்டு நல்ல சரக்கு, அமெரிக்க 71 கிரெய்னை விடச் சற்றுக் காரமாகவும் இருக்கும். புதிய பிஸ்டலுக்கு ஏற்றது. ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்த பழைய பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் போய் அடிக்கும். முதலில் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுப் போடுங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு தோட்டாவையும் வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். கூட்டில் நெளிவு, வாய்ப் பக்கத்தில் விரிசல், பச்சைக் களிம்பு, அடியில் இருக்கும் பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மேலே துருத்திக்கொண்டிருப்பது, தலைகீழாகப் பதிந்திருப்பது. பிரைமரின் மேல் விரல் நகத்தை ஓட்டினால் அடிப்பகுதிக்குச் சமமாகவோ ஒரு மயிரளவு உள்ளேயோ இருக்க வேண்டும். துருத்திய பிரைமரை ஸ்ட்ரைக்கர், அதாவது அடி ஊசி, முதலில் அடிக்கும்போது அது உள்ளே இறங்கி உட்காரும், வெடிக்காது. இரண்டாம் அடியில்தான் வெடிக்கும். ஒரே தோட்டா இரண்டாம் அடியில் வெடித்தால் பிரைமர் மேல் பழி போடலாம். பெட்டியில் பலவும் அப்படியென்றால் குற்றவாளி உங்கள் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங். தோட்டாவை மாற்றி மாற்றிப் பார்ப்பதை விட்டு உரிமம் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள்.

எடை பார்ப்பதும் ஒரு வழி. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். ஒன்று வாங்கி வீட்டிலேயே வையுங்கள், தோட்டாவைக் கடைத்தெருவுக்கு எடுத்துப் போக வேண்டாம். முழுத் தோட்டா ஏழரை கிராமுக்கு மேல் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்து வெறும் 0.14 கிராம் அளவுதான். கூடும் குண்டும் தாங்களே கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்பதால் இந்தச் சோதனை உறுதியான தீர்ப்பு சொல்லாது. ஆனாலும் மற்றவையெல்லாம் கூடி நிற்க ஒன்று மட்டும் 0.1 கிராமுக்கு மேல் எடை குறைந்தால் அதை டீலரிடம் திருப்பிக் கொடுங்கள். பயிற்சிக்கும் வேண்டாம். மருந்தில்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் நடுவில் கொண்டுபோய்ச் செருகிவிடும். சத்தம் 'டப்' என்று வராமல் 'புஸ்' என்று வந்தால் அதுதான். உடனே நிறுத்தி, மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும், அல்லது வெடிக்கும். அறவே வெடிக்காத தோட்டா என்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே முப்பது விநாடி பிடித்துவிட்டுப் பிறகு வெளியேற்றுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

சோதனைக்கு எத்தனை சுட வேண்டும்? 50 தோட்டா, 8 பிடிக்கும் மேகசின் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மேகசினையும் நிரப்பி இருமுறை சுட்டால் 32. மீதி 18, இரண்டு மேகசினுக்கு 16, கையிருப்பு 2. 32-இல் ஒன்றுகூடச் சிக்கக் கூடாது. சிக்கினால் எந்த மேகசினில், எத்தனையாவது தோட்டாவில் என்று எழுதுங்கள். ஒரே மேகசினில் திரும்பத் திரும்பச் சிக்கினால் மேகசினின் வாய்விளிம்பு, அதாவது உதடு, வளைந்திருக்கிறது. கடைசித் தோட்டாவில் மட்டும் சிக்கினால் மேகசின் ஸ்பிரிங். காலிக் கூடு வெளியேறாமல் நின்றால் அதை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள், அழுக்கடைந்த சேம்பராகவும் இருக்கலாம். நாலைந்து தோட்டா இரண்டு கையால், நாலைந்து ஒற்றைக் கையால். பணப்பை இன்னொரு கையில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தளர்ந்த மணிக்கட்டோடு ஒற்றைக் கையில் சுட்டால் சிக்கும் பிஸ்டல்கள் உண்டு. தூரம் 5 முதல் 7 மீட்டர் போதும். எல்லாம் அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும். தோட்டத்துச் சரிவில் சுட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. இந்தச் சின்னக் குண்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும்.

முனையை அரத்தால் தேய்த்து, துளை போட்டு 'நாமே ஹாலோ பாயின்ட் செய்துகொள்ளலாம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உறைக்குண்டின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். முனையையும் திறந்துவிட்டால் உறை இருபக்கமும் திறந்த குழாய் ஆகிவிடும். உள்ளே இருக்கும் ஈயம் மட்டும் பறந்துபோய் உறை குழலிலேயே தங்கலாம். அடுத்த குண்டு அதில் போய் மோதும். காலிக் கூட்டில் மறுபடி மருந்து போடுவதும் இதே வரிசைதான். உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

.25 ஏசிபி வைத்திருப்பவர்களுக்கும் உறைக்குண்டே, யோசிக்க ஒன்றுமில்லை. .22 ரிவால்வர் என்றால் 40 கிரெய்ன் கெட்டிக் குண்டு. விளிம்பில் மருந்து வைத்த தோட்டா என்பதால் வெடிக்காமல் போகும் வாய்ப்பு எப்போதும் கொஞ்சம் கூடுதல். ரிவால்வரில் விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்துவிடும் என்பது ஆறுதல்.

சேமிப்புதான் மலைக்காரர்களுக்கு முக்கியம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம்; ஆடியிலிருந்து தை வரை மூடுபனியும் ஈரமும் வீட்டுக்குள்ளேயே வரும். தோலுறையில் தோட்டாவைப் பல மாதம் வைத்தால் தோல் பதனிட்ட சரக்கு பித்தளையைப் பிடித்துப் பச்சைக் களிம்பு ஏறும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், நிறம் மாறியதும் புதியது. அரிசி போட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம். தூசியும் வண்டும்தான் மிச்சம். குளிர்ந்த மலையிலிருந்து சேலத்தின் புழுக்கத்துக்கு இறங்கியதும் குளிர்ந்த உலோகத்தில் வியர்த்ததுபோல நீர் கோக்கும். வீடு போனதும் மேகசினைக் காலி செய்து துடைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைப்பது மருந்துக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது.

எண்ணெய் இன்னொரு எமன். துருவை இளக்கும் ஸ்பிரே எண்ணெய் பிரைமரின் ஓரமாக ஊடுருவி மருந்தை நமுக்கச் செய்யும். சுத்தம் செய்த பின் சேம்பரையும் மேகசினின் உட்புறத்தையும் காய்ந்த துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் பக்கமே போகக் கூடாது. ஏற்காட்டுக் குளிரில் அது உறைந்து ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கும்.

உறைக்குண்டின் குறை ஒன்றையும் மறைக்கக் கூடாது. தகரக் கதவு, ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, பலகைத் தடுப்பு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும். கூலி கொடுக்கும் களத்துக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள் இருந்தால், எந்தப் பக்கம் கற்சுவர், எந்தப் பக்கம் ஆட்கள் என்பதை முன்கூட்டியே பார்த்து மேசையைப் போடுங்கள். கூலியை வங்கிக் கணக்கில் போட முடிந்த அளவுக்குப் போட்டுவிட்டால் சனிக்கிழமைப் பை மெலியும்; எந்தத் தோட்டாவும் தராத பாதுகாப்பு அது.

காட்டெருமைக்காகக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அவை நடமாடுகின்றன. வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை எடை. .32 அதைக் கோபப்படுத்தும், அவ்வளவுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. வழி விட்டு ஒதுங்குங்கள்.

ஆளுக்கு எதிராக என்றால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை என்பதையும் அவையே சொல்கின்றன. பையைப் பறித்துக்கொண்டு முதுகு காட்டி ஓடுபவனைச் சுட்டால், அது எந்தக் குண்டாக இருந்தாலும் ஓடுபவனை ஏன் சுட்டீர்கள் என்பதுதான் விசாரணையில் முதல் கேள்வியாக இருக்கும். பொது இடத்தில் உறைக்குள், வெளியே தெரியாமல் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது 2016 ஆயுத விதிகள்.

தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியை ஒப்படைக்கும்போது தோட்டாவை எண்ணி, லாட் எண்ணோடு ரசீதில் எழுதச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் எங்கே, எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்த தோட்டாக்களை அந்த ஆண்டுப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு மேகசினுக்குப் புதியது போடுங்கள். ஒப்படைக்காத ஆண்டுகளில் காப்பி அறுவடை முடிந்து, பனி விலகியதும் மாற்றலாம். டப்பாவின் மூடியில் ஒரு துண்டுத் தாள்: லாட் எண், வாங்கிய தேதி, மேகசினில் போட்ட தேதி, மீதி எத்தனை. உரிமப் புத்தகத்தில் டீலர் போட்ட பதிவும் அந்தத் தாளும் பயிற்சியில் சுட்ட கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.